கால்வாய்ப் படகில் சமையலறை அமைக்கும் முறை

இங்கிலாந்தில் வீடுகளுக்குச் சமையலறை பொருத்தித் தருவது என் சொந்தத் தொழில். படகுகளின்மீது உள்ள தீராத ஆசையால் கால்வாய்ப் படகுகளிலும் அந்த வேலையை ஏற்றுச் செய்கிறேன். நேரோபோட் எனப்படும் இந்தப் படகுகளின் வெளி அகலம் வழக்கமாக 6 அடி 10 அங்குலம்தான். குறுகிய கால்வாய்களில் படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள் ஏறத்தாழ 7 அடி அகலத்தில் கட்டப்பட்டிருப்பதே இதற்குக் காரணம்.

முதலில், ரசமட்டத்தை ஒதுக்கி வைத்துவிடுங்கள். மிதக்கும் படகில் ஒருவர் ஓரமாக நகர்ந்தாலே மட்டம் மாறும். முன்பக்கத் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் தரை முழுவதும் முன்னோக்கிச் சரியும். எனவே தரையையே மட்டமாகக் கொண்டு, அதிலிருந்து எல்லா உயரங்களையும் அளந்து, செங்குத்துக் கோடுகளை மூலைமட்டத்தால் குறியுங்கள்.

அறையின் பக்கச் சுவர்கள் மேலே போகப்போக உள்நோக்கிச் சாயும். வீட்டுக்கென்று செய்த பெட்டியை அப்படியே மாட்டினால் முகப்பு கீழ்நோக்கிக் கவிழ்ந்து, கதவு தானாகத் திறந்துகொள்ளும். கெட்டி அட்டை ஒன்றைத் தரைக்குச் செங்குத்தாக, அதன் ஓரம் சுவரைத் தொடும்படி பிடித்துக்கொள்ளுங்கள். சிறு மரத்துண்டு ஒன்றைச் சுவரோடு உரசி நகர்த்தியபடியே அதன் மறுபக்கத்தில் பென்சிலை ஓட்டினால், சுவரின் சாய்வும் வளைவும் அட்டையில் பதிந்துவிடும். அந்தக் கோட்டில் வெட்டி, சுவரில் வைத்துப் பார்த்து, இடைவெளி இல்லை என்று உறுதியான பிறகே பலகையில் கைவையுங்கள். பொறுமை வேண்டிய வேலை இது; எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே.

குளிர்காலத்தில் இரும்புச் சுவரின் உட்புறம் வியர்க்கும் என்பதால், ஈரம் பட்டால் உப்பிவிடும் பார்ட்டிகல் போர்டைத் தவிர்த்து, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டை வாங்கி, வெட்டிய ஓரங்கள் அனைத்திலும் வார்னிஷ் பூசுங்கள். திருகுகளை, சுவரின் உட்புறம் பதித்துள்ள மரச்சட்டங்களில் மட்டுமே இறக்க வேண்டும். நீரைத் தொடும் பக்கத் தகட்டின் கனம் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர்தான். அதில் துளை விழ இடம் தரக் கூடாது.

எரிவாயு விஷயத்தில் துணிச்சல் வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது; கசிந்தால் வெளியேறாமல் படகின் அடித்தளத்தில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே குழாய் இணைப்புகளைப் படகு வேலைக்குத் தகுதி பெற்ற, கேஸ் சேஃப் (எரிவாயு வேலை செய்வோருக்கான பிரிட்டிஷ் பதிவேடு) பதிவுள்ள வல்லுநரிடம் விட்டுவிடுங்கள். சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு ஒவ்வொரு பர்னரிலும் இருக்கிறதா என்று பார்த்து அடுப்பு வாங்குங்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் படகுப் பாதுகாப்புச் சோதனையிலும் இதைப் பார்ப்பார்கள்.

கருங்கல் மேடை அழகுதான். ஆனால் அந்தப் பாரம் முழுவதும் ஒரே பக்கம் இறங்கும் என்பதால், மரப்பலகை மேடையையே நான் பரிந்துரைப்பேன். நீர்ப்பூட்டுச் சுவரில் படகு இடிக்கும்போது பாத்திரங்கள் கொட்டாதிருக்க, காந்தப் பிடிப்பை நம்பாமல், அழுத்தித் திறக்கும் தாழ்ப்பாளை எல்லாக் கதவுகளிலும் பொருத்துங்கள்.

படகு நிலையாக மிதக்கத் தரைக்கு அடியில் அடுக்கியிருக்கும் அடிப்பாரக் கற்களை எட்டும்படி தரையில் ஒரு மூடி விடுவது அவசியம். பெட்டிகளில் சாமான்களை அடுக்கி, தண்ணீரையும் நிரப்பிய பின், கரையில் நின்று சாய்வைப் பார்த்து, அந்த மூடி வழியாகக் கற்களை எதிர்ப்பக்கம் நகர்த்திச் சரிசெய்யுங்கள்.