கீமோ முடிந்த பிறகு கையில் இருக்க வேண்டிய தாள்

புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த பிள்ளைக்கு, கடைசி கீமோ முடிந்த மாதமே செய்ய வேண்டிய வேலை, சிகிச்சைச் சுருக்கம் எழுதி வாங்குவது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளில் பலருக்குச் சிகிச்சை திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்திலோ நெய்யூர் மருத்துவமனையிலோ நடந்திருக்கும். இடையில் வந்த காய்ச்சலுக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் படுத்திருப்பார்கள். காகிதங்களும் அப்படியே சிதறிக் கிடக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, அதில் அந்த ஒரு தடவை கொடுத்த மருந்து மட்டும்தான் இருக்கும். நோயின் பெயர், ஒவ்வொரு மருந்தும் மொத்தம் எத்தனை மில்லிகிராம், கதிர்வீச்சு உடம்பில் எந்த இடத்தில் எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), என்னென்ன அறுவை சிகிச்சை, இவை ஒரே தாளில் வேண்டும். போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

மொத்த அளவு ஏன் முக்கியம்? பின்விளைவு மருந்துக்கு மருந்து மாறும். டாக்சோரூபிசின், டானோரூபிசின் என்ற சிவப்பு மருந்துகள் இதயத் தசையைத் தளர்த்தலாம், அதுவும் பல வருடம் கழித்து. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மி.கி. அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தால் 2 வருடத்துக்கு ஒருமுறை எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும். 100க்கும் 250க்கும் நடுவில் என்றால் 5 வருடத்துக்கு ஒருமுறை. ஈ.சி.ஜி. இதற்கு ஈடாகாது. பெண் பிள்ளைகள் பின்னாளில் கருவுற்றால் முதல் செக்கப்பிலேயே இந்தத் தாளைக் காட்ட வேண்டும்.

சிஸ்பிளாட்டின் ஏறிய பிள்ளைக்குக் காது கேட்கும், ஆனால் 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவலாம். வகுப்பில் கவனமில்லை என்று திட்டு வாங்குவது இதனாலும் இருக்கலாம். ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுத்து, ஆசிரியரிடம் சொல்லி, முன்வரிசையில் உட்கார வையுங்கள். இந்த மருந்து சிறுநீரகத்தையும் பாதிக்கும், ஆகவே டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடக்கூடாது.

வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து கால்களை மரத்துப்போக வைக்கலாம். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும், வழுக்கு செருப்பு கழன்று விழுந்ததும் தெரியாது. நிறுத்திய பின் பலருக்கு மெல்ல மெல்லத் தேறும், சிலருக்கு மிச்சம் இருக்கும். குதிகாலுக்குப் பின்னால் பட்டை உள்ள செருப்பு வாங்குங்கள். குளிக்கும் வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். உச்சி வெயிலில் கோயில் கற்தளத்திலோ கடற்கரை மணலிலோ வெறுங்காலோடு நின்றால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். மழைக்காலத்தில் வயல், ஓடைத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்: உணராத ஒரு கீறல் போதும், எலிக்காய்ச்சல் உள்ளே புக. தினமும் ராத்திரி உள்ளங்காலை டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி, 10 தடவை வீதம் 3 சுற்று. பாதம் தொங்கி நடந்தால் பயிற்சி மட்டும் பத்தாது, பிசியோதெரபிஸ்ட் பாதத்தைத் தாங்கும் ஸ்பிளின்ட் தருவார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்துகள் நிறைய சாப்பிட்ட பிள்ளை தொடை இடுக்கில் வலி என்றாலோ, காரணமில்லாமல் முழங்கால் வலி என்றாலோ உழிச்சலுக்கு (எண்ணெய் தேய்த்துத் தடவிவிட) கூட்டிப் போகாதீர்கள். இடுப்பு மூட்டு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துக்கொண்டிருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். அதுவரை ஓட்டம், குதிப்பு, பாரம் தூக்குவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

சோர்வு மாதக்கணக்கில் நீளும். படுத்தே கிடந்தால் இன்னும் கூடும். காலையில் 10 நிமிட நடையில் தொடங்கி வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டலாம். குறையவில்லை என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்கள் வருடா வருடம் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

கீமோவுக்குப் பிறகு குழந்தைப்பேறு எப்படி என்று பிள்ளை கேட்கக் கூச்சப்படும். 18 வயதானவர் செக்கப்பில் சற்று நேரம் டாக்டரோடு தனியாகப் பேசட்டும், அம்மாவும் அப்பாவும் வெளியே இருங்கள்.