மலை ஓட்டத்துக்குப் பை கட்டும்போது செய்யும் தப்புகள்

தர்மபுரிப் பக்கத்து வத்தல்மலை ரோட்டில் விடிகாலையில் ஓடிப் பழகும் எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும், பையைத் தூக்கிப் பார்த்தாலே ஆள் எதற்குப் பயந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். தாகத்துக்குப் பயந்தவர் மூன்று லிட்டர் தண்ணீர் சுமப்பார். நான் பயந்தது பசிக்கு. முதல் ஓட்டத்தில் என் பை நிறையக் கடலை மிட்டாய்.

மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைத் தாண்டினாலே அது அல்ட்ரா ஓட்டம்தான். மலையில் அது ஏழெட்டு மணி நேரத்தைச் சாதாரணமாக விழுங்கும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். இந்தக் கணக்கைப் போடாமல் கைக்கு வந்ததை அள்ளிப் போடுகிறோம். கடலை மிட்டாயைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெயிலில் வெல்லம் இளகிக் கவரோடு ஒட்டிக்கொள்ளும், காய்ந்த வாயில் கடலை அரைபடாது, அதிலுள்ள கொழுப்பு செரிக்கவும் நேரமாகும்.

இனிப்பை மட்டும் கட்டிக்கொண்டு போவதும் தப்பு. நாலு மணி நேரத்துக்குப் பிறகு ஓட்டக்காரர்கள் பிழிந்து சாப்பிடும் இனிப்பு ஜெல்லைப் பார்த்தாலே குமட்டும். நான் புளிச்சோற்றுக்கு மாறினேன். தர்மபுரிக்காரனுக்குப் புளிக்கா பஞ்சம்? முதல் தடவை வீட்டுத் தாளிப்பு அப்படியே. முப்பதாவது கிலோமீட்டரில் நெஞ்செரிச்சல் பிடுங்கியது. இப்போது எண்ணெயையும் மிளகாயையும் பாதியாகக் குறைத்து, சோற்றைக் கொஞ்சம் குழைய விட்டு, எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, முன்பக்கப் பாக்கெட்டில் வைக்கிறேன். இதையும் பயிற்சி ஓட்டத்தில் தின்று பார்த்த பிறகுதான்.

தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ் விஷயத்தில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகி வயிற்றைப் புரட்டும். அதற்காக வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம் துணிமணி. நம் வெயிலில் பழகியவர்களுக்கு மழை ஜாக்கெட் வீண் சுமையாகத் தெரியும். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். நனைந்த பருத்தி பனியனோடு உச்சிக் காற்றில் நின்றவருக்கு அது புரியும். ஆல்ப்ஸ் மலையின் யூடிஎம்பி ஓட்டத்தில் ஜாக்கெட், விசில், உடல் சூட்டைக் காக்கும் போர்வை, தலையில் கட்டும் ஹெட்லைட் இரண்டு எல்லாம் கட்டாயம். புது ஷூ, புது சாக்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம், கொப்புளமே சொல்லும்.

ஹெட்லைட்டைப் பையின் அடியில் போடாதீர்கள். அதைப் பழக வேண்டும் என்று அஞ்செட்டிப் பக்கம் இருட்டில் கிளம்பவும் வேண்டாம், அது யானைக் காடு. வீட்டு முற்றம் போதும். பையை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, லைட்டையும் விசிலையும் கையால் தேடி எடுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அப்படித் தேடியபோது கையில் வந்தது புளிச்சோற்று உருண்டை.