பழைய ஒரு அங்குலத் தாளில் திருகோணமலைக் கரையை வாசிப்பது எப்படி?

துறைமுகத்தைச் சுற்றியுள்ள பாறைகளை விட்டுவிட்டால், கொக்கிளாயிலிருந்து வெருகல் வரை நம் கரையில் பல இடங்களில் ஒரே அமைப்புத்தான். வெளியே கடல், உள்ளே களப்பு, நடுவே ஒடுக்கமாக ஒரு மணல்திட்டு. மாரியில் களப்பு நிரம்பித் திட்டை உடைக்கும். வெள்ளம் வடிந்ததும் அலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடும். அடுத்த வருடம் அதே இடத்தில்தான் உடையும் என்று யாரும் சொல்ல முடியாது. இப்படி அசைகிற கரையைத்தான் வரைபடத்தில் ஒரே கோடாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டை இன்றைய கரையோடு எப்படி ஒப்பிடுவது என்று பார்ப்போம். ஒரு கணினியும் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளும் ஒரு பழைய வரைபடத் தாளும் போதும்.

படி 1: தாளின் வயது

நமக்கு வேண்டியவை நில அளவைத் திணைக்களத்தின் 'ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்' தாள்கள். அளவுத்திட்டம் 1:63,360. பிறகு வந்த மெற்றிக் தாள்கள் 1:50,000. கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்தில் விசாரிக்கலாம்; பல்கலைக்கழகப் புவியியல் துறைகளிலும் கேட்டுப் பாருங்கள்.

தாள் கையில் கிடைத்ததும் படத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று வெவ்வேறாக இருக்கலாம். நமக்கு முக்கியம் அளந்த ஆண்டு. திருத்தம் என்றால் பெரும்பாலும் வீதிகளையும் கட்டடங்களையும் சேர்ப்பதுதான். கரைக்கோடு பழையபடியே கிடக்கும். ஓரம் கிழிந்த தாள் என்றால் படத்துக்குள்ளேயே தடயம் தேடலாம். திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல். தண்டவாளம் இருந்தால் பதிப்பு அதற்குப் பிந்தியது. ஆனால் பக்கத்திலுள்ள கடற்கரையும் அதே வயதுடையது என்று நினைத்துவிட வேண்டாம். கிண்ணியாவில் 2009க்கு முந்திய தாள் எதிலும் இன்றைய பாலம் இருக்காது, துறைதான் இருக்கும்.

படி 2: ஸ்கேன்

தட்டையான ஸ்கேனரில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் எடுங்கள். அந்த அளவில் ஒரு புள்ளி தரையில் சுமார் 5.4 மீட்டர். கைபேசியில் சரித்துப் பிடித்து எடுத்த படம் இந்த வேலைக்கு உதவாது. அவ்வளவுதான்.

படி 3: தாளைப் பாறையில் கட்டுங்கள்

ஆரம்பக்காரர் அதிகம் சறுக்குகிற இடம் இது, அதனால் நிதானமாகப் போவோம்.

கியூஜிஐஎஸ்ஸில் முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையோ செய்மதிப் படத்தையோ அடியில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு லேயர் மெனுவில், ஸ்கேனைத் தரையின் ஆள்கூறுகளோடு பொருத்தும் கருவியான ஜியோரெஃபரென்ஸரைத் திறந்து (பழைய பதிப்புகளில் ராஸ்டர் மெனுவில் இருக்கும்) ஸ்கேனை ஏற்றுங்கள். தாளில் ஒரு இடத்தைச் சொடுக்கி, அதே இடத்தை அடிப்படத்திலும் சொடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டுப் புள்ளிகள், தாள் முழுக்கப் பரவலாக. இலக்கு ஆள்கூற்று முறையாக, தூரத்தை மீட்டரில் தரும் யூடிஎம் வலயம் 44 வடக்கைத் தெரிவு செய்யுங்கள்.

எந்த இடங்களைச் சொடுக்குவது? அசையாதவற்றை மட்டும். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை, பிரட்றிக் கோட்டையின் மதில், நிலாவெளிக்கு எதிரே புறாமலைத் தீவின் பாறைகள், குச்சவெளிப் பாறைமுனை. உள்நாட்டுப் பக்கம் பழைய குளக்கட்டின் முனைகளும் தண்டவாளமும் கைகொடுக்கும். முகத்துவாரம், மணல் நாக்கின் நுனி, மகாவலி கொட்டியாரக்குடாவில் விழும் வாய் இவற்றில் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். எது நகர்ந்தது என்று அறியத்தானே இவ்வளவு பாடு? அதையே ஆணியாக அடித்துவிட்டால் பிறகு அளக்க என்ன மிச்சம்?

ஸ்கேனை அடிப்படத்துக்கு மாற்றும் முறையாக 'பாலினோமியல் 1' போதும்; அது தாளை வளைக்காது. 'தின் பிளேட் ஸ்ப்லைன்' அழகாகப் பொருந்தும், பிழையும் பூச்சியமாகக் காட்டும். காரணம், அது தாளை எல்லாப் புள்ளிக்கும் வளைத்து இழுத்துவிடுகிறது. தவறான புள்ளி ஒன்று இருந்தாலும் உங்களுக்குத் தெரியவராது. பாலினோமியலில் பிழை பத்து ஸ்கேன் புள்ளி என்று வந்தால் தரையில் 54 மீட்டர் என்று கணக்கிட்டு, நீங்கள் சொடுக்கியவற்றில் மோசமான இடத்தைத் திரும்பப் பாருங்கள்.

தாளின் மூலைகளில் அகலாங்கு நெட்டாங்கு எழுதியிருக்கிறதே, அவற்றை அப்படியே தட்டச்சு செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் பழைய தாள்களின் ஆள்கூறுகள் எண்ணப்பட்டது கண்டவல என்ற அளவை அடிப்படையிலிருந்து (டேட்டம்). ஜிபிஎஸ் பயன்படுத்துவது வேறு. கண்டவல எண்களை ஜிபிஎஸ் எண்களாக எடுத்துக்கொண்டால் தாள் சுமார் 200 மீட்டர் மேற்கே போய் விழும். கிழக்குக் கரையில் அதன் விளைவு வேடிக்கையானது: கடல் 200 மீட்டர் பின்வாங்கி, ஊருக்குப் புது நிலம் கிடைத்த மாதிரித் தெரியும். மூலைகளைத்தான் பயன்படுத்துவேன் என்றால் ஆள்கூற்று முறையில் கண்டவலவின் குறியெண்ணான இபிஎஸ்ஜி 4244 என்பதைத் தெரிவு செய்துகொள்ளுங்கள்.

படி 4: மணலை வாசித்தல்

உயரக் கோடுகளைத் தேடி ஏமாற வேண்டாம். தாளின் அடியில் கோட்டு இடைவெளி நூறடி என்றிருந்தால், மணல்திட்டு முழுவதும் முதல் கோட்டுக்குக் கீழேயே முடிந்துவிடும். இங்கே பேசுவது குறியீடுகள்தான்: மணல், சதுப்பு, கண்டல், உப்பளம், ஒற்றையடிப் பாதை. திட்டின் மேல் பாதை எங்கே அறுந்து மறுபக்கம் தொடர்கிறதோ, அங்கே அளந்த காலத்தில் நீர் ஓடியிருக்கலாம். வண்டிப் பாதை அறுபடாமல் போனால் அந்த இடம் அன்று ஓரளவு உறுதியாக இருந்திருக்கிறது. கரைக்கோட்டை விட எனக்கு இந்தப் பாதைகளில்தான் நம்பிக்கை அதிகம்.

படி 5: ஒப்பிடுதல்

புதிய கோட்டு அடுக்கு (லேயர்) ஒன்றை உருவாக்கிப் பழைய கரையை வரையுங்கள். இன்னொரு அடுக்கில் இன்றைய கரை. நம் பக்கம் வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அதனால் வரும் குழப்பம் பெரிதல்ல. பருவம்தான் குழப்பும். வாடைக் காலத்துச் செய்மதிப் படத்தில் இறக்கக்கண்டி போன்ற ஒரு வாய் தெரிவதும் சோளகத்தில் தெரிவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு பருவத்துப் படங்களையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கோட்டின் தடிப்பு. தாளில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் சுமார் 32 மீட்டர். அதோடு பொருத்தும்போது வந்த பிழையையும் சேர்த்தால், 80 மீட்டருக்குக் குறைந்த நகர்வை இந்தத் தாளை வைத்து 'கடலரிப்பு' என்று எழுத நான் துணியமாட்டேன். 300 மீட்டர் நகர்ந்திருந்தால் அது வேறு கதை.

அப்படிப் பெரிய மாற்றம் தெரிகிற இடத்துக்கு அச்சுப் பிரதியோடு போய், கரைவலைக்காரரிடம் காட்டுங்கள். எந்தப் பாட்டில் (வலை இழுக்கும் கரைத்துண்டில்) முன்பு வலை இழுத்தார்கள், எந்த மாரியில் வாய் இடம் மாறியது, 2004 சுனாமிக்குப் பிறகு எது அடைபட்டது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கடற்படை வளாகத்தை ஒட்டிய பகுதி என்றால் முதலில் அனுமதி கேளுங்கள். கேட்டதை அடுக்கின் அட்டவணையில் குறிப்பு நிரலில் ஆண்டோடு எழுதிவையுங்கள். வரைபடத்திலிருந்து வந்த தகவலையும் வாய்மொழியாக வந்ததையும் தனித்தனி நிரலில்.