மூப்பர் தேர்தலுக்கு முன் நான் விசாரிப்பவை

எங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பர் (சபையை நடத்தும் பொறுப்பாளர்) தேர்தல் வந்தால், யார் பெயரையும் சொல்வதற்கு முன் வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுலின் நிருபமான 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிப்பேன். பவுல் அங்கே திறமை என்று கேட்பது அநேகமாக ஒன்றுதான்: போதிக்கத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் நடத்தை.

முதலில் அவர் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போங்கள். உபசரிக்கிறவரா என்பது அப்போதுதான் தெரியும். மனைவி அவர் முன்னால் இயல்பாகப் பேசுகிறாரா, பிள்ளைகள் அப்பா வந்ததும் அடங்கிப்போகிறார்களா என்றும் பாருங்கள்.

அப்புறம் வெளியே விசாரியுங்கள். புறம்பானவர்களிடமும் நற்சாட்சி வேண்டும் என்கிறது 7-ஆம் வசனம். நான் கேட்பது மளிகைக்கடை அண்ணாச்சியிடம். அவர் முருக பக்தர். சபை அரசியல் அவருக்குத் தெரியாது, கடன் பாக்கி யாருடையது என்பது நன்றாகத் தெரியும்.

பண விஷயம் சுருக்கம்தான். காணிக்கைக் கணக்கு கேட்டால் முகம் சுளிப்பவர் வேண்டாம்.

அவசரப்படாதீர்கள். விசுவாசத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத, அருமையாகப் பேசும் ஒரு தம்பியை நாங்கள் பொறுப்பில் உட்கார வைத்தோம். ஆறே மாதத்தில் யாரும் அவரிடம் பேச முடியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் பெருமை கொள்வார், அவர் வேண்டாம் என்கிற 6-ஆம் வசனத்தை வாசித்துவிட்டுக் கை தூக்கியது நாங்கள்தானே!

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் ஆதிச் சபை ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததே விதவைகளுக்கான பந்தி விசாரணைக்குத்தான், அதாவது சாப்பாட்டைக் கவனிக்கத்தான். அதனால் அசனம் (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) முடிந்த பிறகு சமையல் கொட்டகைப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். போன அசனத்தில் அங்கே அண்டா தேய்த்துக்கொண்டிருந்தவர் பெயரைத்தான் இந்த முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.