ஔவை என்று பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரிப் பக்கம் அதியமானைத் தெரியாத பள்ளிப் பிள்ளை இல்லை. அவன் கையால் நெல்லிக்கனி வாங்கிய, அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையையும் தெரியும். இருந்தும் பெண் குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்கிறவர்கள் குறைவு. ஆசைப்பட்டு வைக்கிறவர்களும் காகிதத்தில் கோட்டை விடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் தொழில். கணினி மையங்களில் புதிதாக உட்காரும் பிள்ளைகள், அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். இனிஷியல், தேதிப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை தானாகக் கண்ணில் பட்டுவிடும்.

ஒ அடித்து, பக்கத்தில் ள அடிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஔ என்பது ஒரே எழுத்து. அவசரத்தில் ஒ, ள என்று இரண்டாக அடித்து 'ஒளவை' ஆக்கிவிடுகிறார்கள். சொன்னால், "பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு அக்கா" என்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கு அது வேறு பெயர், தேடினால் கிடைக்காது.

பென்னாகரம் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். மஞ்சப்பை நிறையக் காகிதம். மகளின் பிறப்புச் சான்றிதழில் 'ஒளவை' என்று இருந்தது. அதை ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்து, ஆங்கிலத்தில் ஓ, எல், ஏ, வி, ஏ, ஐ என்று ஆதாரில் ஏற்றிவிட்டார். ஆதாரைப் பார்த்துப் பள்ளியில் அப்படியே பதிந்தார்கள். பள்ளிப் பதிவைப் பார்த்து வங்கிப் புத்தகத்திலும் அதே பெயர் ஏறியது. வருகைப் பதிவு எடுக்கும்போது "ஒளவை" என்று கூப்பிட, வகுப்பே சிரித்திருக்கிறது. அந்தக் குழந்தை இனிப் பள்ளிக்கே போக மாட்டேன் என்று அழுததாம். ஒவ்வொன்றையும் திருத்த ஒவ்வொரு அலுவலகம், ஒவ்வொரு நாள் கூலி. அத்தனைக்கும் காரணம் ஒரு விசை.

தமிழ்99 விசைப்பலகையில் ஔவுக்கு இசட் விசை. ஆங்கில ஒலிப்பில் அடித்தால் ஏ, யு. சரியாக விழுந்ததா என்று பார்க்க, எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். முழு எழுத்தும் மறைந்தால் சரி. ள மட்டும் போய் ஒ நின்றால் தவறு. கௌசல்யா, மௌனிகா, சௌமியாவுக்கும் இதே சோதனைதான்: க மிஞ்சினால் சரி, கெ மிஞ்சினால் தவறு.

ஓவை, ஆவை என்று கூப்பிடுவது

அகரமும் உகரமும் சேர்ந்த ஒலி ஔ. வாயில் 'அவ்வை' என்றுதான் வரும். அப்படியே அவ்வை என்று எழுதினாலும் பிழையில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரே எழுத்துமுறைதான் இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதம்

ஏ, வி, வி, ஏ, ஐ போதும். தமிழ் தெரியாதவரும் ஏறக்குறையச் சரியாகப் படிப்பார்.

சொந்தக்காரர்களைக் கேட்காமல் பதிந்துவிட்டு, பிறகு மாற்ற அலைவது

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளில் இது நடக்கும். தெலுங்கில் 'அவ்வ' என்றால் பாட்டி. தொட்டில் பிள்ளையை இப்படியா கூப்பிடுவது என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். தமிழ் வீடுகளிலும் தடியூன்றிய கிழவி உருவம்தான் முதலில் மனதில் வரும். அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்: ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். அதியமானின் ஔவை சங்கப் புலவர். கள் கிடைத்தால் அவனோடு பகிர்ந்து உண்டவர், அவனுக்காக அரசரிடம் நேருக்கு நேர் பேசியவர். எனக்கு இதைவிடக் கம்பீரமான பெண் பெயர் தெரியவில்லை. அவர்கள் சம்மதித்த பிறகு பதியுங்கள்.

பெயரில்லாமல் பதிந்துவிட்டு மறப்பது

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கிப் பல இடங்களில் பிறந்த தேதிக்கான ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான்.

செல்லப் பெயரையே பதிவது

வேண்டாம்.