வக்கீல், எம்.எல்.ஏ., ஜட்ஜ்: இப்படி ஒருவரின் வரலாற்றை எழுதுவது எப்படி?

நெல்லைச் சீமையில் கோர்ட், கட்சி, சட்டமன்றம் என்று சுற்றி நீதிபதி நாற்காலி வரை போனவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், வீட்டுக் கதைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலில் தேதிகளைப் பிடியுங்கள். பிறந்த தேதி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஹைகோர்ட் நீதிபதிக்கு ஓய்வு வயது 62 (1963-க்கு முன் 60), சுப்ரீம் கோர்ட்டுக்கு 65, கணக்குப் போட்டாலே பதவி எப்போது முடிந்திருக்கும் என்று தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் பிறந்தது 1915 நவம்பர் 15, ஓய்வு பெற்றது 1980 நவம்பர் 14. நடுவில் தலச்சேரி வக்கீல், 1952-இல் சென்னை சட்டமன்றம், 1957-இல் கேரள அமைச்சர், 1968-இல் ஹைகோர்ட், 1973-இல் சுப்ரீம் கோர்ட்.

நம்ம திருப்புடைமருதூர் எஸ். ரத்தினவேல் பாண்டியனுக்கும் இதே கணக்குதான். வக்கீல், தி.மு.க. மாவட்டச் செயலாளர், 1974-இல் ஹைகோர்ட், 1988-இல் சுப்ரீம் கோர்ட். மாநில ஆட்சிகளை இஷ்டத்துக்குக் கலைப்பதற்குக் கடிவாளம் போட்ட எஸ்.ஆர். பொம்மை (கர்நாடக முன்னாள் முதல்வர்) வழக்கில் இவரும் சேர்ந்து ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து 1994 மார்ச் 11-இல் தீர்ப்புச் சொன்னார்கள், மறுநாள் இவர் ஓய்வு. இதை ‘முக்கியத் தீர்ப்புகளில் பங்கேற்றார்’ என்று எழுதிவிட்டுப் போனால் என்ன ருசி இருக்கிறது, சொல்லுங்கள்!

அப்புறம் பதிவுகள். கோவில்பட்டிக்காரரானாலும் சங்கரன்கோவில்காரரானாலும் பழைய ஏடுகளில் திருநெல்வேலி ஜில்லாவில்தான் தேட வேண்டும், தூத்துக்குடி 1986-இல் பிரிந்தது, தென்காசி 2019-இல். எம்.எல்.சி., அதாவது மேலவை உறுப்பினர், என்று யாராவது சொன்னால் மேலவையே 1986-இல் போய்விட்டது என்பது நினைவிருக்கட்டும். மதுரைக் கிளை வந்தது 2004-இல், அதற்கு முந்தைய ஹைகோர்ட் வழக்கென்றால் சென்னைதான்.

நீங்கள் எழுதப்போகிறவர் சட்டமன்றத்தில் பேசியதையும் பின்னாளில் எழுதிய தீர்ப்பையும் ஒரே விஷயத்தில், நிலமோ கூலியோ, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். என்னைக் கேட்டால் புத்தகமே அங்கேதான் இருக்கிறது. ஆள் மாறினாரா இல்லையா என்பது சொந்தக்காரர்களுக்கே தெரியாது.

ஓய்வுக்குப் பிறகு ‘மறுபடி மெட்ராஸ் ஹைகோர்ட்டிலேயே வாதாடினார்’ என்று யாராவது சொன்னால் அப்படியே எழுதிவிடாதீர்கள். நிரந்தர நீதிபதியாக இருந்த ஹைகோர்ட்டில் திரும்ப வாதாட அரசியல் சட்டத்தின் 220-ஆம் பிரிவு விடாது, சுப்ரீம் கோர்ட்டிலும் மற்ற ஹைகோர்ட்டுகளிலும் வாதாடலாம். எந்தக் கோர்ட், எந்த வருஷம் என்று திருப்பிக் கேளுங்கள்.