மொரிசியசில் ஆங்கிலம் எழுதும்போது பிரெஞ்சு வந்து கலக்கும் இடங்கள்

மொரிசியசில் பாடப்புத்தகமும் அரசு அலுவலகப் படிவமும் ஆங்கிலத்தில். செய்தித்தாள் பெரும்பாலும் பிரெஞ்சில். வாயில் வருவது கிரியோல் என்ற உள்ளூர் மொழி. தினமும் பிரெஞ்சு உருவில் பார்த்த சொல்லைக் கை ஆங்கிலத்திலும் அப்படியே எழுதிவிடுகிறது. அதனால் இங்கே பிழை வரும் இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதலில் இரட்டை எழுத்துகள். அட்ரஸ், மேரேஜ், டிராஃபிக் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் முறையே டி, ஆர், எஃப் இரண்டு முறை வரும். பிரெஞ்சில் ஒரு முறைதான். அபார்ட்மென்ட் தலைகீழ்: பிரெஞ்சில் பி இரண்டு, ஆங்கிலத்தில் ஒன்று. இதற்கு விதி கிடையாது, மனப்பாடம்தான்.

‘மென்ட்’ என்று முடியும் சொற்களுக்கு ஒரு வழி உண்டு. கவர்ன்மென்ட், டெவலப்மென்ட், என்விரான்மென்ட், டிபார்ட்மென்ட் ஆகியவற்றில் பிரெஞ்சுக்காரர் மென்ட்டுக்கு முன்னால் ஓர் ஈ போடுவார்கள். ஆங்கிலத்தில் அது வராது. சந்தேகம் வந்தால் மென்ட்டை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். கவர்ன், டெவலப் இரண்டும் ஈ எழுத்தில் முடிவதில்லை. ஆகவே ஈ வேண்டாம். மூவ், மேனேஜ், அட்வர்டைஸ் ஈ எழுத்தில் முடிகின்றன; மென்ட் சேர்ந்தாலும் அந்த ஈ தங்கும். ஆர்க்யூமென்ட் இதற்கு அடங்காது. அதில் ஆர்க்யூவின் ஈ விழுந்துவிடும். இன்னொன்று: கவர்ன்மென்ட்டின் நடுவிலுள்ள ‘என்’ எழுத்து பேச்சில் சரியாகக் கேட்காது, அதனால் எழுத்திலும் விட்டுப்போகும். கவர்ன் என்று தனியாகச் சொல்லிப் பார்த்தால் அது தப்பாது. டெவலப்பில் பி ஒன்றே, பிரெஞ்சில் இரண்டு.

மொரிசியஸ் சுதந்திரம் பெற்ற 1968 மார்ச் 12-ஐப் பற்றிக் கட்டுரை எழுதாத மாணவர் இங்கே அரிது. இண்டிபெண்டன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லில் ஈ நான்கு முறை வரும், ஏ ஒரு முறைகூட வராது. பிரெஞ்சில் கடைசிப் பகுதியில் ஏ உண்டு. பிழை அங்கிருந்துதான் வருகிறது. கரஸ்பாண்டன்ஸ் என்பதும் அப்படியே. எக்ஸாம்பிள் மட்டும் எதிர்ப்பக்கம்: ஆங்கிலத்தில் நடுவே ஏ, பிரெஞ்சில் ஈ.

இவற்றையெல்லாம் கணினியின் ஸ்பெல் செக் பிடித்துவிடும், மொழியை பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று வைத்திருந்தால். அது பிடிக்காதவைதான் ஆபத்து: எழுத்து சரி, பொருள் பிரெஞ்சு. கூட்டத்துக்குப் போனதை ‘அஸிஸ்ட்’ என்று எழுதினால், அங்கே போய் யாருக்கோ உதவி செய்ததாகிவிடும், வேண்டியது ‘அட்டெண்ட்’. ‘ஆக்சுவலி’ என்றால் ‘உண்மையில்’. ‘இப்போது’ என்று சொல்ல ‘கரன்ட்லி’. புத்தகம் விற்கும் கடை ‘புக்ஷாப்’; ‘லைப்ரரி’ இரவல் தரும் இடம். சட்டென்று மனம் புண்படுகிறவர் ‘சென்சிடிவ்’. ‘சென்சிபிள்’ என்றால் விவேகமுள்ளவர். மிக முக்கியமாக, விடுப்புக் கடிதத்தில் ‘டிமாண்ட்’ எழுதாதீர்கள். பிரெஞ்சில் அது சாதாரணமாகக் கேட்பது. ஆங்கிலத்தில் அதிகாரம் செய்வது. ‘ரிக்வெஸ்ட்’ போதும்.

பிரெஞ்சுக் கண் உதவும் இடமும் உண்டு. சென்டர், தியேட்டர் இரண்டும் பிரிட்டிஷ் எழுத்தில் பிரெஞ்சைப் போலவே ஆர், ஈ என்ற வரிசையில் முடியும். தியேட்டரின் மேற்குறிகளை மட்டும் நீக்கிவிடுங்கள்.

லைசென்ஸ், பிராக்டிஸ் இரண்டிலும் கடைசி ஈ எழுத்துக்கு முன்னால் சி போடுவதா எஸ் போடுவதா என்ற குழப்பத்துக்கு அட்வைஸைத் துணைக்கு அழையுங்கள். அறிவுரை என்ற பெயர்ச்சொல்லுக்கு சி. அறிவுரை சொல் என்ற வினைக்கு எஸ், காதில் விழுவது இஸட் ஒலி. லைசென்ஸிலும் பிராக்டிஸிலும் ஒலி மாறாது, எழுத்து மட்டும் அதே முறையில் மாறும். ஆகவே டிரைவிங் லைசென்ஸுக்கு சி.